பிள்ளை வர மறுத்தால் முதலில் நாம் போகலாம்

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் காலையில் தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் படுத்துக்கொள்ள ஆரம்பித்தான். எங்கள் வழக்கமான டாக்டர் ரத்தம், தைராய்டு, கண் எல்லாவற்றையும் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. "மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்" என்றதும் வீடு ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. மாமியார் குணசீலம் கூட்டிப்போகலாம் என்றார். திருச்சிப் பக்கத்தில் மனசு சரியில்லை என்றால் முதலில் வாயில் வருவது அந்தப் பெருமாள்தான். கணவருக்கு அது பரீட்சை பயம். மகனோ, "நான் என்ன பைத்தியமா?" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

எனக்கு வழி காட்டியது 14416 என்ற மனநல உதவி எண். டெலி மனாஸ் என்று பெயர், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். எல்லோரும் தூங்கிய பிறகு மொட்டைமாடிக்குப் போய் அழைத்தேன். எடுத்த பெண் ஆறுதலுக்கு முன்னால் கேள்விதான் கேட்டார். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று எப்போதாவது சொன்னானா? அப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்திருந்தேன். அப்படி ஆகாது, நீங்களும் அவனிடம் கேட்கலாம் என்றார். வீட்டில் இருக்கும் மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொன்னார். வயல் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மருந்து டப்பா திண்ணையிலேயே கிடந்தது.

பையன் வராவிட்டால் பெற்றோர் மட்டும் முதலில் போகலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டு நான் தனியாகப் போனேன். கூட்டம், காத்திருப்பு எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் டாக்டர் ஒரு யோசனை சொன்னார்: "பையனுக்கு எது தொந்தரவாக இருக்கிறதோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள்." அவனுக்குத் தூக்கம் வரவில்லை. "தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாமாப்பா?" என்றேன். வந்துவிட்டான்.

எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். அதற்கு முன்பே, உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, அவன் சொல்வது எங்கள் காதுக்கு வராது என்று எங்கள் முன்னாலேயே அவனிடம் உறுதி கொடுத்தார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால், அவன் வாய் திறந்ததற்குக் காரணமே அதுதான்.

மனச்சோர்வு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அது வேலை செய்யச் சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் கூடவே இருந்து கவனிக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. குணசீலம் போகலாமா என்று மாமியார் கேட்டதற்கு, "தாராளமாகப் போங்கம்மா, மாத்திரையை மட்டும் விடாதீங்க" என்றார் டாக்டர். அதோடு அந்தச் சண்டை முடிந்தது.

கவுன்சிலிங்குக்கு ஆள் தேடும்போதுதான் உஷாராக இருக்க வேண்டும். போர்டு மாட்டிய ஒருவர், மூன்றே அமர்வில் ஞாபகசக்தியும் சேர்த்துத் தருகிறேன் என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையானவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

நாங்கள் பார்த்த உளவியலாளர் மகனைவிட எங்களிடம்தான் அதிக வேலை வாங்கினார். சாப்பாட்டு நேரத்தில் மார்க் பேச்சு கூடாது, மாமா பையனோடு ஒப்பிடக் கூடாது, அவன் பேசினால் உடனே அறிவுரையில் இறங்கக் கூடாது. மூன்றாவதுதான் கணவருக்கு இன்னும் வரவில்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கிறார்.

மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான், சில நாள் மட்டம் போட்டாலும். கணக்கு டியூஷன் மட்டும் வேண்டாம் என்கிறான். அடுத்த முறை டாக்டரிடம் அவனே பேசட்டும் என்று விட்டிருக்கிறோம்.