ராஞ்சி வார்டு, ஜூன்

ஜூன் 3
ரிப்போர்ட் வரவில்லை. நாளைக்காம்.

ஜூன் 4
அக்கா தூங்கியதும் பழைய சிறை வரை நடந்தேன். இப்போது அருங்காட்சியகம். 1900 பிப்ரவரி 3-ல் சக்ரதர்பூர் பக்கத்துக் காட்டில், ஆங்கிலேயரை எதிர்த்த பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவைப் பிடித்தார்கள். பரிசுப் பணத்துக்காகக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ஜூன் 9-ல் இந்தச் சிறையில் உயிர் போனது. காலரா என்று எழுதிக்கொண்டார்கள். வயது 24. தீர்ப்பு இல்லை. அந்த நான்கு மாதம் அவருக்கு யார் தண்ணீர் கொடுத்தார்கள்?

ஜூன் 5, வியாழன்
பக்கத்துப் படுக்கைப் பாட்டி வெள்ளைச் சேலைதான் கட்டுவார். பிர்சாயித் குடும்பம், பிர்சாவின் நெறியைப் பின்பற்றுபவர்கள். இன்று வியாழன், வீட்டில் ஏர் பூட்ட மாட்டார்களாம். சிங்போங்கா ஒருவரே கடவுள், பலி வேண்டாம், சாராயம் வேண்டாம் என்று 1895-ல் பிர்சா சொன்னபோது, சல்கட் கிராமத்துக்கு நோயாளிகள் கூட்டம் கூட்டமாக நடந்தே போனார்கள். தொட்டால் குணமாகும் என்று நம்பினார்கள். அந்த ஆகஸ்டிலேயே கைது, இரண்டு வருடச் சிறை. நோயாளிகள் தேடிப் போன மனிதர், கடைசியில் நோயோடு கொட்டடியில்.

ஜூன் 6
அக்காவுக்கு மறுபடி காய்ச்சல்.

ஜூன் 7
தூக்கமில்லை. காட்டை வெட்டித் திருத்திய குலத்துக்கே நிலம், அதுதான் கூண்ட்கட்டி. அதற்குள் நிலமானியம் பெற்ற ஜாகிர்தார், குத்தகை எடுத்த டீக்காதார், வட்டிக்காரர் எல்லாரும் புகுந்தார்கள். பிர்சாவின் இனமான முண்டாக்கள் அவர்களை திக்கு, அதாவது வெளியார் என்றார்கள். சொந்த மண்ணிலேயே கூலியில்லாத வேலை, பேத் பேகாரி. சர்தார்கள், அதாவது முண்டா தலைவர்கள், வருடக்கணக்கில் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பாதிரிகளும் கைவிட்டார்கள். சாய்பாசா மிஷன் பள்ளியில் படித்த பிர்சாவே "சாஹேப் சாஹேப் ஒரே தொப்பி" என்றார், பாதிரியும் அதிகாரியும் ஒன்றுதான் என்று. கோபம் வராமல் என்ன செய்யும்? 1899 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு தேவாலயங்கள் மீது அம்பு பாய்ந்தது. உல்குலான், பெருங்கிளர்ச்சி. ஜனவரி 9-ல் சைல் ரகப் மலையில் ஆங்கிலேயப் படையின் துப்பாக்கிச் சூடு. பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். அம்பு எங்கே, துப்பாக்கி எங்கே. இதைக் கலவரம் என்று எழுதும் புத்தகங்களை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூன் 8
ரிப்போர்ட் வந்தது. எழுத மனமில்லை.

ஜூன் 9
ஊரெல்லாம் பிர்சா படத்துக்கு மாலை. ஒருவர் கூட காலரா பற்றிப் பேசவில்லை.

ஜூன் 10
அவர் இறந்து எட்டு வருடம் கழித்துத்தான் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம், 1908. ஆதிவாசி நிலம் கைமாறுவதற்குத் தடை. அதையும் 2016-ல் தளர்த்தப் பார்த்தார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள், ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பாட்டியிடம் இதைக் கேட்க வேண்டும். அதற்குள் அக்காவை மேல்மாடிக்கு மாற்றச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போட யாரும்