நாலு நாள் முதலிடம், அப்புறம்?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கோல்ஃப், என்சிஏஏ (அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) சாம்பியன்ஷிப். இதன் விதி தெரிந்தால் உங்களுக்கும் பைத்தியம் பிடிக்கும். நாலு நாள், 72 குழி. ஒரு அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள், தினமும் சிறந்த நாலு ஸ்கோர்தான் கணக்கு. சரி, முதலிடம் வந்தவர்களுக்குக் கோப்பையா? இல்லை! முதல் எட்டு அணிகள் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து நேருக்கு நேர் மோத வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என ஐந்து ஆட்டம், அதில் மூன்று ஜெயித்தால் போதும். 2015-லிருந்து இப்படித்தான்.

2025-ல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணி நாலு நாளும் அடித்து நொறுக்கிப் பெரிய இடைவெளியில் முதலிடம். இறுதியில் 3-2 என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திடம் கோட்டை விட்டது. சிகாகோ பக்கம், பாதி வருஷம் பனியில் கிடக்கும் ஊர்ப் பிள்ளைகள்! அவர்களுக்கு இதுவே முதல் பட்டம்.

தனிநபர் பட்டத்துக்கு மட்டும் 72 குழியே தீர்ப்பு. ஸ்டான்ஃபோர்டு வீராங்கனை ரோஸ் ஜாங் அதை 2022, 2023 என இரண்டு முறை வென்றார். பெண்களில் வேறு யாரும் அதுவரை செய்ததில்லை. அடுத்த சில நாளில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய், முதல் போட்டியிலேயே கோப்பை. கடைசியாக ஒரு பெண் அப்படிச் செய்தது 1951-ல்.

எனக்கு இன்னும் ஸ்டான்ஃபோர்டு மேல் பரிதாபம்தான்.