வாடகைக்கு விட்ட வீட்டை மகள் பெயருக்கு மாற்றினேன்

தமிழ்நாட்டில், வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டை வயது வந்த மகனுக்கோ மகளுக்கோ எழுதிவைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வீட்டை மகளுக்கு செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் குடும்பத்தினருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிப் பதிவு செய்தேன். பத்திரப்பதிவு வேலை, மற்றவர்கள் பயமுறுத்திய அளவுக்குக் கஷ்டமாக இல்லை. அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருந்த விஷயங்கள்தான் அதிகம். ஏனென்றால் அந்த வீட்டு வாடகையில்தான் என் மாதச் செலவு ஓடுகிறது. வீட்டைக் கொடுத்துவிட்டால் வாடகை யாருக்கு, அட்வான்ஸைத் திருப்பித் தருவது யார், குடியிருப்பவர்கள் கதி என்ன? பதிவு அலுவலகத்தில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நாமாகத்தான் பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வீடு என் சம்பளத்தில் வாங்கியது, அதாவது சுய சம்பாத்தியம். அதனால் என் விருப்பப்படி யாருக்கும் கொடுக்கலாம். பூர்வீகச் சொத்தாகவோ, உயில் எழுதாமல் இறந்துபோன ஒருவரிடமிருந்து வாரிசுகளுக்குப் பொதுவில் வந்ததாகவோ இருந்திருந்தால் என் பங்கை மட்டும்தான் கொடுத்திருக்க முடியும். மற்ற பங்குக்கு அந்தந்த வாரிசுகள், தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எனக்கு ஒரு மகனும் உண்டு. சட்டப்படி அவன் சம்மதம் தேவையில்லை. ஆனாலும் அவனிடம்தான் முதலில் பேசினேன். "அக்காவுக்குத்தானே, தாராளமா எழுதும்மா. ஆனா உன் வாடகையை மட்டும் விட்டுடாதே" என்றான். பதிவன்று அவனே ஒரு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டான். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மற்ற பிள்ளை சாட்சியாக நிற்பது பெரிய பலம் என்று நினைக்கிறேன். நாளைக்கு "எனக்குத் தெரியாமல் எழுதிவிட்டார்கள்" என்ற பேச்சு எழாது.

உயில் எழுதினால் போதாதா என்று பலர் கேட்டார்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், நம் காலத்துக்குப் பிறகுதான் அது செல்லுபடியாகும். செட்டில்மென்ட் பதிவான அன்றே உரிமையை மாற்றிவிடும். மனம் மாறினால் நாமாக ஒரு ரத்துப் பத்திரம் எழுதித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். என் காலத்துக்குப் பிறகு மகள் சான்றிதழ்களுக்கு அலையக் கூடாது என்று நினைத்ததால் செட்டில்மென்ட்டையே தேர்ந்தெடுத்தேன். அந்த முடிவை எடுத்ததாலேயே பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் கவனமாகப் படிக்க வேண்டியிருந்தது.

பத்திர எழுத்தர் கொடுத்த முதல் வரைவில், என் ஆயுளுக்குப் பிறகு மகள் சொத்தை அடைய வேண்டியது என்று இருந்தது. தெரிந்த வக்கீல் ஒருவர் படித்துப் பார்த்து, "இப்படி எழுதினால் நாளைக்கு இதை உயில் என்று வாதாட இடம் கொடுக்கும்" என்றார். தகராறு வந்தால், உரிமை எப்போது கைமாறியது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்குமாம். அதனால் வரைவை மாற்றினோம். சொத்தின் உரிமை இன்று முதல் மகளுக்கு. என் ஆயுள்வரை வாடகையை வசூலித்து அனுபவிக்கும் உரிமை எனக்கு. மகள் இந்த செட்டில்மென்ட்டை ஏற்றுக்கொள்கிறாள். இந்த மூன்றும் தனித்தனி வாக்கியங்களாக இருக்கின்றன. வாடகையை நம்பி வாழும் எந்தப் பெற்றோரும் இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் கையெழுத்துப் போடவே கூடாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொரு வரியும் சேர்த்தோம். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிறகு பிள்ளைகள் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அப்படிப்பட்ட வழக்கில் சொத்தைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் பின்னால் நிரூபிக்கச் சுலபம். மகளிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. "எழுதும்மா, அதுல என்ன இருக்கு? நான் செய்யப்போறதைத்தானே எழுதப்போற" என்று அவளே எழுத்தரிடம் சொல்லிவிட்டாள். சொந்தப் பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்று சங்கடப்படுகிறவர்கள் தயவுசெய்து அதைத் தள்ளி வையுங்கள். அன்பாக இருக்கிற பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு குறையும் வராது.

செலவு விஷயம். குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகு தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். ஆக, மதிப்பு 40 லட்சத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு பெரிய வீடானாலும் இந்த இரண்டும் சேர்ந்து 50,000 ரூபாய்க்கு மேல் போகாது. ஆனால் இந்தக் கட்டணத்துக்குக் குடும்ப உறுப்பினர் என்று கணக்கில் எடுப்பவர்களில் மருமகனும் மருமகளும் கிடையாது. மகளோடு மருமகன் பெயரையும் சேர்த்து எழுதலாமே என்று யாராவது சொன்னால் இதை மனதில் வையுங்கள்.

ஆவணங்களில் எங்களை இழுத்தடித்தது கதவு எண். மூலப்பத்திரத்தில் பழைய எண், சொத்துவரி ரசீதில் புது எண். சொத்து விவரத்தில் இரண்டையும் எழுதி, சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் மூலப்பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தோம். என் பெயரின் இனிஷியலும் ஆதாரில் வேறு மாதிரி இருந்தது, அதையும் பத்திரத்தில் குறிப்பிட்டோம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்ததில் அடமானம் எதுவும் இல்லை. வீட்டின் மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். டோக்கன், கட்டணம் எல்லாம் பதிவுத்துறை இணையதளத்திலேயே முடிந்தது. அலுவலகத்தில் போட்டோ, கைரேகை, கையெழுத்து, அவ்வளவுதான்.

குடியிருப்பவர்களுக்குப் பதிவுக்கு முன்னாலேயே விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் முதலில் கேட்டது, "அக்கா, எங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்களா?" என்றுதான். பாவம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டிருப்பவள், அந்தப் பயம் நியாயமானது. உரிமையாளர் மாறுவதால் மட்டும் வாடகை ஒப்பந்தம் முறிந்துபோகாது. 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவுப்படி, புது உரிமையாளர் பழையவரின் இடத்தில் வந்து நிற்கிறார். அவருக்குள்ள உரிமைகளும் வரும், கடமைகளும் வரும். இதைப் பொறுமையாகச் சொன்னேன். எழுத்திலும் கொடுத்தேன்.

அட்வான்ஸ் தொகையை நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். அவர்கள் காலி செய்யும்போது நான் திருப்பித் தர வேண்டும், என் காலத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பு மகளுடையது என்று தொகையோடு எழுதிக்கொண்டோம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம் வந்தபோது வீட்டுக்காரர் பக்கத்தில் நானும் மகளும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அதையும் செய்தாயிற்று.

என்னைப் போல வாடகை உரிமையை வைத்துக்கொள்ளாமல் முழுதாகக் கொடுப்பவர்கள், எந்த மாதத்திலிருந்து யார் கணக்கில் வாடகை போட வேண்டும் என்று குடியிருப்பவருக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள். விஷயம் தெரியாமல் பழைய உரிமையாளரிடமே அவர் வாடகை கட்டியிருந்தால், அதைப் புது உரிமையாளர் மறுபடி கேட்க முடியாது. அதேபோல, மாற்றத்துக்கு முந்தைய வாடகை பாக்கி தானாகப் பிள்ளைக்குப் போய்விடாது. போக வேண்டுமென்றால் பத்திரத்தில் சொல்ல வேண்டும்.

வருமான வரி பற்றி ஆடிட்டர் சொன்னது நிம்மதியாக இருந்தது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் வீட்டுக்கு, அதைப் பெறும் பிள்ளை வரி கட்ட வேண்டியதில்லை, கொடுப்பவருக்கும் மூலதன ஆதாய வரி வராது. வாடகை உரிமை என்னிடம் இருப்பதால் அதை நான் என் கணக்கில் காட்டுகிறேன். முழுதாகக் கொடுத்திருந்தால் வயது வந்த மகளின் வருமானமாக அது போயிருக்கும். பிற்காலத்தில் மகள் விற்றால், நான் வாங்கிய விலையையும் தேதியையும் வைத்துத்தான் ஆதாயத்தைக் கணக்கிடுவார்கள். அதனால் கட்டுமான ரசீதுகளையும் மூலப்பத்திரத்தோடு சேர்த்து அவளிடமே கொடுத்துவிட்டேன்.

பதிவு முடிந்ததும் மறுபடி வில்லங்கச் சான்று போட்டு, புதுப் பத்திரம் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். அப்புறம் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றம். சொத்துவரியை யார் கட்டுவது என்பதை மட்டும் வாய்ப்பேச்சாக விட்டிருந்தோம். வாடகை வாங்குகிறவரே வரியும் பராமரிப்புச் செலவும் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்து, மகளும் நானும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பத்திர நகலோடு வைத்திருக்கிறோம்.