கல்முனைக்குடிக் கொடியேற்றமும் ‘மௌலா’ என்ற சொல்லும்

இஸ்லாமிய ஆண்டின் ஆறாம் மாதமான ஜமாதுல் ஆகிர் பிறை கண்டுவிட்டால் உம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் கொடியேறும் காலம் அது. ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். இங்கிருப்பது அவர்களின் நினைவிடம். ஆயினும், முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானியின் வழியாக நபிப் பெருமானாரின் குடும்பத்தோடு சேரும் வம்சம் என்பதால், நாயகத்தின் பேரப்பிள்ளையிடம் போகிறோம் என்றுதான் உம்மா சொல்வார்.

இம்முறை கொழும்பில் என்னோடு வேலை செய்யும் தோழியும் வந்திருந்தாள். போரா சமூகத்தைச் சேர்ந்த ஷீஆப் பெண். அஹ்லுல் பைத், அதாவது நபியின் வீட்டார் என்றால் யார் யார் என்று அவள் கேட்டபோது, சந்தனக் கிண்ணத்தில் விரலை நனைத்தபடியே உம்மா சொன்னார்: “நாயகத்திட மனைவிமார், மகள் பாத்திமா நாயகி, மருமகன் அலியார், பேரர் ஹஸன், ஹுஸைன், எல்லாரும்தான், மகளே.”

மத்ரஸா வாசல் மிதியாத என் உம்மா சொன்னது அப்படியே சுன்னத் வல் ஜமாஅத்தின், அதாவது சுன்னிகளான எங்களின் நிலைப்பாடு. ‘இவ்வீட்டாரே, உங்களைத் தூய்மைப்படுத்தவே அல்லாஹ் நாடுகிறான்’ என்னும் பொருளில் வரும், குர்ஆனின் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 33ஆவது வசனத்துக்கு முன்னும் பின்னும் நபியின் மனைவியரே விளிக்கப்படுவதால், அவர்களும் அதில் அடக்கம் என்கிறார்கள் நம் உலமாக்கள். தோழியோ, அந்த இடத்தில் மட்டும் பெண்பாற் பன்மை மாறி ஆண்பாற் பன்மை வருவதைச் சுட்டிக்காட்டினாள். பெருமானார் தம் போர்வைக்குள் அலி, பாத்திமா, ஹஸன், ஹுஸைன் நால்வரையும் சேர்த்துக்கொண்டு அவ்வசனத்தை ஓதியதாக வரும் ஹதீஸே (நபிமொழி அறிவிப்பே), அந்த நால்வரே அஹ்லுல் பைத் என்னும் ஷீஆக்களின் கருத்துக்கு அடிப்படை. அந்த ஹதீஸை ஆயிஷா நாயகியின் அறிவிப்பாக நம்முடைய ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறது என்பதை நான் மனமுவந்து ஒப்புக்கொண்டேன். அந்தத் தூய்மையைப் பாவமே அணுகாத நிலை என்று அவர்கள் கொள்கிறார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. எங்கள் பக்கத்தில் நபி வழித்தோன்றல்களை மௌலானா என்று அழைப்பதைக் கேட்டதும் அவள் கண் மலர்ந்தது. ‘மௌலானா’ என்றால் ‘எங்கள் மௌலா’. ஹிஜ்ரி 10, துல்ஹஜ் பிறை 18இல் கதீர் கும் என்னும் இடத்தில், “நான் எவருக்கு மௌலாவோ அவருக்கு அலியும் மௌலா” என்று பெருமானார் சொன்னதை இரு சாராருமே ஏற்கிறார்கள். அச்சொல்லுக்கு நேசத்துக்குரியவர் என்று நாங்கள் பொருள் கொள்கிறோம். தலைவர் என்று அவர்கள் கொள்கிறார்கள். அபூபக்கர் (ரலி) முதல் கலீஃபாவானது சரியா என்ற வழக்கும், அலியின் வழியில் இமாம்கள் என்ற நம்பிக்கையும் இந்தப் பொருள் வேறுபாட்டோடு பின்னியே வளர்ந்திருக்கின்றன. போராக்கள் எண்ணும் 21ஆவது இமாமான தையிப் மறைவாழ்வை மேற்கொண்டார் என்பதும், அவர் வழியில் இமாம்களின் வரிசை மறைவாகவே தொடர்கிறது என்பதும் அவர்களின் நம்பிக்கை. நான்கு கலீஃபாக்களின் வரிசையை நான் மனதார ஏற்றவள். அவளிடம் அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவள் அலியாரின் பெயரைச் சொன்ன விதத்தில் இருந்த மரியாதையை, அதே பெயரைச் சொல்லும் எங்கள் நாவுகளில் அண்மைக் காலமாகக் காணவில்லையே என்ற வேதனை எனக்கு உண்டு. அஹ்லுல் பைத்தைப் பற்றிப் பேசினாலே ஷீஆ என்று முத்திரை குத்தும் போக்கு நம்மிடையே வளர்ந்துவிட்டது. நாம் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈயும் இதே பழியைச் சுமந்தவர்தாம். முஹம்மதின் குடும்பத்தாரை நேசிப்பதுதான் ராஃபிழியத் (ஷீஆக்களை இகழ்ந்து சொல்லும் பெயர்) என்றால் நானும் ராஃபிழியே என்று அவர் கவிதையில் பதில் சொன்னார்.

அதற்குள் ஊர்வலமாக வந்த கொடி பள்ளிவாசலை அடைந்திருந்தது. கயிறு இழுபட, கடற்காற்றில் துணி படபடத்து விரிய, கூட்டம் முழுவதும் நபியை வாழ்த்தும் ஸலவாத்து முழங்கியது. அருகில் நின்ற தோழியின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ‘அவர் குடும்பத்தார் மீதும்’ எனப் பொருள்படும் ‘வஅலா ஆலிஹி’ என்பதை என்னைவிட உரத்துச் சொன்னாள். அடுத்து ‘வஸஹ்பிஹி’ என்று நாங்கள் தோழர்களைச் சேர்த்தபோது அவள் உதடுகள் மூடியிருந்தன. உம்மா அதைக் கவனித்தார். ஒன்றும் சொல்லாமல், விரலில் இருந்த சந்தனத்தை அவளுடைய மணிக்கட்டில் தடவிவிட்டார்.