கையேந்த மாட்டேன் என்பதெல்லாம் தவக்குல் (அல்லாஹ்வையே முழுதாக நம்பியிருத்தல்) ஆகிவிடுமா?

மனுஷனிடம் உதவி கேட்பது ஈமானுக்கு, அதாவது இறைநம்பிக்கைக்கு, குறைவு என்று காரைக்குடி, புதுவயல் பக்கம் நம்மாட்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் "உன்னிடமே உதவி தேடுகிறோம்" என்று ஓதிவிட்டு அடுத்தவன் வாசலில் போய் நிற்பதா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே குர்ஆன்தான் நன்மையில் ஒருவருக்கொருவர் உதவுங்கள் என்கிறது (5:2). குர்ஆன் சொல்லும் அரசர் துல்கர்னைன் சுவர் கட்டும்போது மக்களிடம் ஆள்பலம் கேட்டார் (18:95). மூஸா நபி மத்யனில் நிழலில் உட்கார்ந்து, "ரப்பே, நீ எனக்கு இறக்கும் நன்மை எதுவானாலும் நான் தேவையுள்ளவன்" என்று துஆ செய்தார். அடுத்த ஆயத்திலேயே பதில் வருகிறது, அதுவும் ஒரு பெண் வெட்கத்தோடு நடந்து வந்து "எங்கள் அத்தா கூப்பிடுகிறார்" என்று சொல்லும் விதமாக.

கபுரில் (அடக்கத்தலத்தில்) இருப்பவரிடம் கேட்கலாமா என்பது வேறு வழக்கு, அதற்குள் நான் போகவில்லை. எதிரே உயிரோடு நிற்பவரிடம் அவரால் முடிந்ததைக் கேட்பது பற்றித்தான் பேச்சு.

என் மச்சான் ஒருத்தர் ஆத்தங்குடி தரைக்கல் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்டை ஒரு சொட்டு சிதறாமல் ஊற்றிப் பூப்போடுகிற கை. மணிக்கட்டு முறிந்து வேலையில்லாமல் கிடந்தபோது "அல்லாஹ் பார்த்துக்குவான்" என்பதைத் தவிர யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மனைவியின் தோடு அடகுக் கடையில் வட்டிக்குப் போயிருந்தது. வட்டி ஹராம் என்று தெரிந்த மனுஷன்! முன்பின் தெரியாத கடையில் வராத கூச்சம், கூடத் தொழுகிறவர்களிடம் கேட்கும்போது மட்டும் வருகிறதென்றால், அது கௌரவப் பிரச்சினை. கல்யாணத்தில் மொய் நோட்டோடு உட்கார நமக்கெல்லாம் வெட்கமே கிடையாது, அது தனிக்கதை.

கேட்பது லேசான விஷயம் என்று நான் சொல்லவில்லை. யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் (உறுதிமொழி) செய்த சஹாபாக்களில், அதாவது தோழர்களில், சிலர், கீழே விழுந்த சாட்டையைக்கூட எடுத்துத் தரச் சொல்லாமல் இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. அடுத்த ஹதீஸே கேட்க அனுமதியுள்ள மூன்று பேரைச் சொல்கிறது: பிறருக்காகக் கடனைப் பொறுப்பேற்றவர், ஆபத்தில் பொருளை இழந்தவர், வறுமையில் விழுந்துவிட்டார் என்று அவர் கூட்டத்தில் விவரமான மூன்று பேர் சொல்லக்கூடியவர். மச்சானுக்குத் தெருவே சாட்சி சொல்லும்.

ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் உண்டு (9:60). அது அவருடைய பங்கு, பிச்சை இல்லை. எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்திலோ எதைக் கேட்டாலும் ரமலானில் பார்க்கலாம் என்கிறார்கள், தோட்டுக்கு மாதா மாதம் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.