சேற்றைப் பிடித்து வைக்கும் பசை

கழிமுகங்களில் ஓதம் வடிந்ததும் சேற்றின் மேல் பொன்பழுப்பு நிறத்தில் ஒரு மினுமினுப்பு படர்வதுண்டு. அழுக்கென்று நினைத்து நாம் மிதித்துச் செல்லும் அந்தப் பூச்சு, டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகளின் பெருங்கூட்டம். வெளிச்சம் தேடி மேலே ஏறிவரும் இவை, நீர் திரும்புவதற்கு முன்பே மீண்டும் சேற்றுக்குள் இறங்கிவிடுகின்றன. கால்களோ துடுப்புகளோ இல்லாத இந்தப் பாசி, தன் சிலிக்கா ஓட்டிலுள்ள நீண்ட பிளவின் வழியே பசையைச் சுரந்து, அதைப் பற்றிக்கொண்டே வழுக்கி நகர்கிறது. அது போன பிறகும் பசை அங்கேயே தங்கிவிடுகிறது.

என்னை வியக்கவைப்பது இந்தப் பசைதான். பெரும்பாலும் பாலிசாக்கரைடுகள் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளாலும் புரதங்களாலும் ஆன இது, நுண்ணோக்கியில் பார்த்தால் மணலுக்கும் மணலுக்கும் நடுவே சிலந்தி இழைபோல் நீண்டு கிடக்கும். 63 மைக்ரோமீட்டருக்கும் நுண்ணிய வண்டலில் களிமண் துகள்கள் இருந்தால் அவை தாமாகவே ஓரளவு ஒட்டிக்கொள்ளும். மணலுக்கு அந்த இயல்பு இல்லாததால், அதன் எடையோடு இந்த இழைகளும் சேர்ந்தே நீரோட்டத்தைத் தாங்குகின்றன. ஆகவே, துகளின் பருமனை மட்டும் அளந்து அரிப்பைக் கணக்கிடும் முறை, உயிருள்ள ஒரு தரையை உயிரற்றதாகக் கொள்கிறது என்றே நான் கருதுகிறேன்.

ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்களான சயனோபாக்டீரியாக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தம் இழைகளால் துகள்களைப் பின்னிப் பாயாகவே நெய்துவிடுகின்றன. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் இத்தகைய பாய்கள் வண்டலைப் பிடித்து அடுக்கடுக்காக வளர்த்த ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் என்னும் பாறை போன்ற மேடுகளை இன்றும் காணலாம். அதே நாட்டின் பில்பரா பகுதியில் இவற்றின் புதைபடிவங்கள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுப் பழமை உடையவை. ஆனால் நீரின் விசை எல்லை மீறினால் பாய் துகள் துகளாகக் கரைவதில்லை. விளிம்பில் கிழிந்து, சுருண்டு, துண்டு துண்டாகப் பெயர்ந்துவிடுகிறது.

இந்த உறுதி, பாசியை மேய்பவர்களையும் பொறுத்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கொரோஃபியம் என்னும் சிறு ஓட்டுயிரி, சேற்றுக்குள் வளை தோண்டி டயாட்டங்களைத் தின்று வாழ்கிறது. கோடையின் பிற்பகுதியில் தெற்கு நோக்கிப் பறக்கும் உள்ளான் என்னும் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்கி, கொரோஃபியங்களைக் கொத்தித் தின்கின்றன. மேய்ச்சல் குறைந்ததும் டயாட்டங்கள் பெருகிப் பசை சேர்கிறது. சில நாட்களுக்கு முன் இளகிக் கிடந்த அதே சேறு இறுகத் தொடங்குகிறது.