பீட்டிலுக்குப் புது வாஷர் பாட்டில்

என்னுடைய 1970 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் கண்ணாடி கழுவும் வாஷருக்கு மோட்டார் கிடையாது. தண்ணீரைத் தள்ளுவது ஸ்டெப்னியில் இருக்கும் காற்றுதான். ஸ்டெப்னி வால்விலிருந்து ஒரு குழாய் வாஷர் பாட்டிலுக்குப் போகும். பாட்டிலிலிருந்து தண்ணீர் டேஷ்போர்டில் இருக்கும் வைப்பர் ஸ்விட்சுக்கு வந்து, அங்கிருந்து நாசிலுக்குப் போகும். வைப்பர் குமிழின் நடுவில் அமுக்கினால் பீய்ச்சும். இன்ஜினைப் பின்னாலும் டிக்கியை முன்னாலும் வைத்தவர்கள் இதை மட்டும் ஊரோடு ஒத்தா செய்திருப்பார்கள்!

அதனால் பாட்டில் போனதை எனக்குச் சொன்னதே ஸ்டெப்னிதான். 42 பாயிண்ட் காற்று வைத்தால் 30 பக்கம் இறங்கி, அதற்கு மேல் இறங்காமல் நின்றது. பஞ்சராக இருந்தால் மொத்தமும் இறங்கியிருக்கும். வாஷருக்காக ஸ்டெப்னி காலியாகிவிடக் கூடாதென்று, அந்த அளவுக்கு வந்ததும் காற்றை அடைத்துவிடும் வால்வு ஒன்று குழாயில் இருக்கிறது. ஆக டயரில் குறையில்லை, ஒழுக்கு பாட்டில் பக்கம்.

டிக்கியைத் திறந்து பார்த்தால், வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் டீக்கறை நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். சோப்புத் தண்ணீர் தடவியதும் அதன் நெடுக பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. எம்-சீல் போட்டு ஒட்டலாம் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பெட்ரோல் டேங்கும் அதே டிக்கியில் இருக்கும் வண்டியில், அழுத்தத்தில் நிற்கிற பாட்டிலுக்கு ஒட்டு வேலை பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் மற்ற கார் பாட்டில்களும் இதற்கு உதவாது. அவை மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்கு ஆனவை, காற்றழுத்தம் தாங்காது. பீட்டிலுக்கென்றே இப்போது புதிதாகச் செய்து விற்கும் பாட்டிலை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். 12 வோல்ட் மோட்டார் மாட்டிவிட்டால் தொல்லை விட்டது என்பார்கள். அப்படிச் செய்வதற்கு வேறு கார் வாங்கியிருக்கலாம்.

கழற்றும்போது முதலில் ஸ்டெப்னியிலிருந்து குழாயை எடுத்துவிட வேண்டும். அப்புறம் மூடியை மெதுவாகத் திருகி, உள்ளே நிற்கும் காற்றை விட வேண்டும். அவசரப்பட்டால் முகத்தில்தான் அடிக்கும். ரப்பர் குழாய்கள் காய்ந்து முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. இழுத்தால் முனை உடையும், அதனால் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தேன். குழாய்களையும் கிளிப்புகளையும் புதிதாகவே போட்டேன்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. புதுப் பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர் ஊற்றி, தண்ணீர்க் குழாயை மடக்கிக் கட்டி, காற்றுக் குழாயை ஸ்டெப்னியோடு இணைத்துவிட்டு ஒரு ராத்திரி வெளியே வைத்தேன். காலையில் கேஜில் முள் அசையவில்லை. சரி, பாட்டில் தேறிவிட்டது.

அடுத்து டேஷ்போர்டுக்குப் பின்னால். தண்ணீர் ஸ்விட்சுக்குள்ளேயே போய் வருவதால் அங்கே ஒழுகினால் நேராக ஒயரிங் மேல்தான் சொட்டும். பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் எர்த்தைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சின் இரண்டு முனைகளிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவைத்து, குமிழைப் பலமுறை அமுக்கினேன். பேப்பரில் ஈரமே இல்லை.

நாசிலில்தான் நேரம் போனது. சென்னை போர் தண்ணீரின் உப்பு இரண்டு துளைகளையும் வெள்ளையாக அடைத்திருந்தது. வினிகரில் ஊறப்போட்டு, கித்தார் கம்பியின் மெல்லிய துண்டை விட்டுக் குடைந்ததும் வழி விட்டது. இனி பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான், ஷாம்பு கலக்கப் போவதில்லை.

இப்போது ஸ்டெப்னி 42-லேயே நிற்கிறது. டிரைவர் பக்கம் தண்ணீர் கண்ணாடியின் நடுவில் சரியாக விழுகிறது. இன்னொரு பக்கம் மட்டும் கூரையைத் தாண்டிப் போகிறது. குண்டூசி வைத்துத் திருப்பியும் நாசில் அடங்காததால், அதையும் ஆர்டர் போட்டிருக்கிறேன்.